அண்ணி அரைத்த கல்லின் வயது

நாத்தனார் அண்ணியைப் பற்றி எழுதுகிறாள் என்றால் குற்றப்பத்திரிகைதான் வரும் என்று எதிர்பார்ப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்குக் கோபம் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் அது அண்ணி மேல் இல்லை. படித்தவர்கள் மேல் இருக்கிறது, முக்கியமாகப் படித்துவிட்டதாலேயே கண்ணை மூடிக்கொள்கிறவர்கள் மேல்.

நானும் அண்ணியும் ஒரே கட்டடத்தில் வேலை பார்க்கிறோம். நிலவியல் துறை. மூன்றாவது மாடியில் அலுவலக அறை என்னுடையது. வருகிற கடிதத்துக்கு எண் போட்டு, தேதி முத்திரை குத்தி, கோப்பில் கோர்ப்பது என் வேலை. தரைத்தளத்தின் கடைசியில், குளியலறைக்குப் பக்கத்தில், கல் அரைக்கும் அறை. அது அண்ணியின் ராஜ்ஜியம். இருபத்திரண்டு வருஷமாக அங்கே அவள் கல்லை உடைத்து, மாவாக்கி, சலித்து, அந்த மாவுக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத மணிகளை ஒவ்வொன்றாக ஊசி முனையில் பொறுக்கி எடுக்கிறாள். வேலை முடிந்து வெளியே வரும்போது புருவம் வரைக்கும் வெள்ளையாக இருக்கும். கட்டடத்தில் எல்லாரும் அவளுக்கு வைத்த பெயர் மாவு மில். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவளும் "சொல்லு" என்பாள்.

எதற்காக அந்த மணிகள் என்றால், கல்லின் வயதைக் கண்டுபிடிக்க. உருகிய குழம்பாக இருந்த பாறை ஆறி இறுகும்போது அதற்குள் உண்டாகும் சில மணிகளில் துளியூண்டு யுரேனியம் மாட்டிக்கொள்ளும். அது கோடிக்கணக்கான வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் காரீயமாக மாறும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று மெஷினில் அளந்தால் அந்த மணி பிறந்து எத்தனை காலம் என்று தெரிந்துவிடும். எங்கள் பேராசிரியருக்கு இதில் தனிப் பைத்தியம் ஒன்று உண்டு. வெள்ளீயத் தாது. பூமிக்கடியில் கிரானைட் ஆறும்போது கடைசியில் மிஞ்சுகிற சூடான நீர் சுற்றியுள்ள வெடிப்புகளில் பாயுமாம். அதில் கரைந்து வந்த வெள்ளீயம் அங்கே தங்கிப் படிந்தால் தாது, அந்தத் தாது மணியிலும் துளியூண்டு யுரேனியம் உண்டு. ஆக, கிரானைட்டுக்கும் தாதுவுக்கும் வயது ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒத்துப்போனால் இது தாய், இது பிள்ளை. ஒத்துப்போகாவிட்டால் தாய் வேறு யாரோ. இதை எனக்குப் புரிகிற மாதிரி சொன்னது பேராசிரியர் இல்லை, அண்ணிதான். பேராசிரியர் சொன்னபோது எனக்குக் கொட்டாவி வந்தது.

அண்ணி அந்தக் கட்டடத்துக்குள் முதலில் வந்தது பெருக்க. என் அண்ணனைக் கட்டிக்கொண்ட இரண்டாவது வருஷம். என் அண்ணன் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவன், நல்லவன், யாரோடும் சண்டை போடமாட்டான், யாருக்காகவும் சண்டை போடமாட்டான். அப்போது கல் அறையில் இருந்த ஆளுக்குக் காது போய், அவர் வேலையை விட்டார். மூன்று மாதம் கல் மலை மாதிரிக் குவிந்தது. வராந்தா பெருக்க வந்த அண்ணி, "நான் அரைச்சுப் பாக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். சிரித்துக்கொண்டே விட்டிருக்கிறார்கள். ஒரு வருஷத்தில் மைக்ராஸ்கோப்பில் பார்த்த மாத்திரத்தில் எது வெள்ளீய மணி, எது வேறு கருப்பு மணி என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். ஆராய்ச்சி மாணவர்கள் புத்தகத்தைப் புரட்டி முடிப்பதற்குள் இவள் ஐம்பது மணி பொறுக்கிவிடுவாள்.

சுத்தம் என்றால் அவளுக்கு அப்படி ஒரு வெறி. வீட்டில் இல்லை. நாங்கள் ஒரே வீடு, அவள் சமையலறையைத் தினமும் பார்க்கிறேன், சொல்லாமல் விடுவதே மரியாதை. அந்த அறையில் மட்டும்தான். கல்லை உடைக்கும் மெஷினில் இரண்டு இரும்புத் தாடைகள். ஒரு கல் முடிந்து அடுத்த கல் போடுவதற்கு முன்னால் தாடைகளைக் கம்பித் தூரிகையால் தேய்ப்பாள், காற்றடிப்பாள், ஸ்பிரிட் போட்டுத் துடைப்பாள். பிறகு ஒரு கை வெள்ளைக் கூழாங்கல்லைப் போட்டு அரைப்பாள். எங்கேயாவது பழைய துகள் ஒட்டியிருந்தால் அந்த வெள்ளை மாவு இழுத்துக்கொண்டு வந்துவிடும். சலிக்கிற துணியை ஒவ்வொரு கல்லுக்கும் புதிதாக வெட்டுவாள், முடிந்ததும் தூக்கிப் போடுவாள். கல்யாண மோதிரத்தைக் கழற்றியவள் கழற்றியவள்தான். மோதிர இடுக்கில் ஒரு துகள் உட்கார்ந்தால் அடுத்த கல்லின் வயதே மாறிவிடும் என்பாள். என் அம்மா அந்த வெறும் விரலைப் பார்த்துப் பார்த்துப் பத்து வருஷம் மூக்கைச் சிந்தினாள். அண்ணி அசரவில்லை.

இப்போது கோபத்துக்கு வருகிறேன்.

பேராசிரியருக்கு ஒரு மலை. அந்த மலையின் உச்சியில் பெரிய கிரானைட், அடிவாரத்து வெடிப்புகளில் வெள்ளீயத் தாது. உச்சிக் கிரானைட்தான் தாய் என்று பன்னிரண்டு வருஷமாகப் பேசி வருகிறார். கிரானைட்டின் வயது ஏற்கெனவே தெரியும், பதினைந்து கோடி வருஷம். தாதுவின் வயதை அவர் அளந்ததே இல்லை. என்ன அவசரம், தாயின் வயது தெரிந்தபின் பிள்ளையின் வயதைத் தனியாக அளப்பானேன் என்று இருந்துவிட்டார். போன வருஷம் ஒரு சுரங்க நிறுவனம் அந்த மலையில் துளை போட விரும்பியது. எங்கே துளை போடுவது என்று சொல்ல வேண்டுமானால் தாதுவின் வயது வேண்டும் என்றார்கள். தாதுக்கல் வந்தது. அண்ணி அரைத்தாள், பொறுக்கினாள், முப்பது மணிகளைக் கொடுத்தாள். வயது அளக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்கிற மெஷின்காரர் ஒவ்வொரு மணியையும் லேசரில் சுட்டு அளந்தார். ஒன்பது கோடி வருஷம்.

ஆறு கோடி வருஷம் இடிக்கிறது. பிள்ளை பிறக்கும்போது தாய் பாறையாகி ஆறு கோடி வருஷம் ஆகியிருக்கிறது.

வேறு யாராவது என்றால் கணக்கைத் திரும்பப் பார்த்திருப்பார்கள். இவர் குற்றவாளியைப் பார்த்தார். அதற்கு வசதியாக ஒன்றும் அகப்பட்டது. அந்தக் கல்லுக்கு முன்னால் அண்ணி அரைத்தது வேறொரு மலையின் வெள்ளீயத் தாது. அதன் வயது ஒன்பது கோடியே பத்து லட்சம். போதாதா? மெஷினைக் கழுவாமல் அடுத்த கல்லைப் போட்டுவிட்டாள், பழைய மணிகள் கலந்துவிட்டன, முடிந்தது கதை.

கடிதம் என் மேஜைக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. "மாதிரி தயாரிப்பில் ஊழியரின் கவனக்குறைவால் முந்தைய கல்லின் மணிகள் கலந்துள்ளன. விசாரணை முடியும்வரை அவரைக் கல் அரைக்கும் அறைக்குள் அனுமதிக்க வேண்டாம். துப்புரவுப் பணிக்குத் திருப்பி அனுப்பப் பரிந்துரைக்கிறேன்." கீழே பெரிய கையெழுத்து. நான் எண் போட்டேன், முத்திரை குத்தினேன், கோப்பில் கோர்த்தேன். கை தன்னால் செய்கிற வேலை. கோர்த்த பிறகுதான் திரும்ப எடுத்துப் படித்தேன்.

அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி அண்ணியிடம் சொன்னேன். நாங்கள் இருவரும் படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் பெஞ்சில்தான் சாப்பிடுவோம். அவள் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது.

"கழுவலைன்னா எழுதியிருக்கான்?"

"கவனக்குறைவுன்னு."

"ரெண்டும் ஒண்ணுதான்."

நான் அப்போது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்கு வாய் அடங்காது. அதோடு இரண்டு கல்லுக்கும் வயது அவ்வளவு நெருக்கமாக இருந்தது என் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது.

"அண்ணி, ஒருவேளை... அன்னைக்கு ஏதாவது அவசரத்துல..."

அவள் என்னைப் பார்த்தாள். டப்பாவை மூடினாள். எழுந்து போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் எனக்கும் அவளுக்கும் நடுவில் என் அண்ணன் தபால்காரன் ஆனான். "உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க, மாடிக் கதவைச் சாத்தலைன்னு." நான் ஒரு முழம் தூரத்தில் உட்கார்ந்திருப்பேன். அண்ணன் என் பக்கம் திரும்பி, "கதவைச் சாத்தலையாம்" என்பான். ஆனால் மறுநாள் காலையிலும் அவள் கையால் கட்டிய என் சாப்பாட்டு டப்பா வாசலில் இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது. திட்டியிருந்தால் தேவலை.

புதன்கிழமை அண்ணியிடமிருந்து அறைச் சாவியை வாங்கினார்கள். அண்ணி பேராசிரியரைப் போய்ப் பார்த்தாள். கையில் ஒரு சின்ன பாலித்தீன் பாக்கெட். அவளாகவே வைத்திருந்த வழக்கம் ஒன்று எங்கள் யாருக்கும் அதுவரை தெரியாது. ஒவ்வொரு கல்லுக்கும் முன்னால் மெஷினைக் கழுவ அரைக்கிற அந்த வெள்ளைக் கூழாங்கல் மாவை அவள் கொட்டுவதில்லை. பாக்கெட்டில் போட்டு, தேதி எழுதி, அட்டைப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தாள். இருபத்திரண்டு வருஷத்துப் பாக்கெட்டுகள்.

"சார், இது அந்த மலைக் கல்லுக்கு முன்னாடி கழுவின மாவு. மெஷின்ல பழசு ஒட்டியிருந்தா இதுலயும் இருக்கணும். பாருங்க. ஒரு வெள்ளீய மணி இருந்தாலும் நான் துடைப்பத்தை எடுத்துக்கறேன்."

அவர் பாக்கெட்டைத் தொடக்கூட இல்லை. "பாக்கெட்டை எப்ப வேணும்னாலும் கட்டலாம்மா. தேதியும் எப்ப வேணும்னாலும் எழுதலாம்."

நான் வாசலில் கோப்போடு நின்றிருந்தேன். அண்ணியின் முகம் கறுத்ததைப் பார்த்தேன். கவனக்குறைவு என்பது ஒரு பழி. இப்போது அவர் சொன்னது அதைவிடப் பெரிய பழி. அதைத் தான் சொன்னோம் என்றுகூட அந்த மனிதருக்கு உறைக்கவில்லை. பேனாவைத் திறந்து அடுத்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணி இரண்டு வாரம் வராந்தா பெருக்கினாள். தரை பளபளத்தது. மாணவர்கள் வழுக்கி விழாத குறை. மாவு மில் என்று கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை. மெஷின்காரர் மட்டும் ஒருநாள் அவளிடம் வந்து, "அக்கா, நான் அளந்ததுல தப்பு இல்லை. என் மெஷின் பொய் சொல்லாது. உங்க மணியும் பொய் சொல்லலைன்னுதான் நான் நினைக்கறேன்" என்றார். "நினைச்சா போதாது தம்பி" என்றாள் அண்ணி.

மூன்றாவது வாரம் சுரங்க நிறுவனத்து ஆட்கள் இரண்டு பேர் முடிவு கேட்க வந்தார்கள். பேராசிரியர் அவர்களுக்கு மலைப் படத்தை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். கதவு திறந்தது. அண்ணி உள்ளே வந்தாள். நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தது ஒரு கல். பின்பக்கக் கொட்டகையில் மீதிக் கற்களைப் போட்டு வைப்போம், அங்கிருந்து எடுத்து வந்திருக்கிறாள். நேராக வந்து அந்தப் படத்தின் மேல், மலை உச்சிக்கு மேலேயே, கல்லை வைத்தாள். அதன் பக்கத்தில் ஒரு சுத்தியலை வைத்தாள்.

"சார், இது அந்தத் தாதுவோட மீதிப் பாதி. சாவி உங்ககிட்ட இருக்கு. நீங்களே உடைங்க, நீங்களே அரைங்க, நீங்களே பொறுக்குங்க. நான் ஒரு விரல் வைக்க மாட்டேன். என்ன வயசு வருதுன்னு பாக்கலாம்."

"ஆளுங்க வந்திருக்காங்க இல்லே? அப்புறம் பேசலாம், போங்க."

"அவங்களுக்கும் வயசுதானே வேணும்? இருந்து கேட்டுட்டுப் போகட்டும்."

வந்தவர்களில் மூத்தவர் கல்லைத் திருப்பிப் பார்த்தார். அதில் நாங்கள் முதலில் ஒட்டிய எண் இருந்தது. "செஞ்சு பாத்துடுங்களேன் சார். துளை போட்டப்புறம் தெரியறதைவிட இப்பவே தெரிஞ்சா நல்லதுதானே" என்றார். பேராசிரியர் மறுக்க வழியில்லாமல் மாட்டிக்கொண்டார்.

அடுத்த நான்கு நாளை நான் விடுப்பு எடுத்துக்கொண்டாவது வேடிக்கை பார்த்திருப்பேன். அலுவலக நேரத்திலேயே பார்த்தேன். கோப்பைத் தூக்கிக்கொண்டு ஏதாவது சாக்கில் கீழே இறங்கிக்கொண்டே இருந்தேன். பேராசிரியர் ஏப்ரன் கட்டிக்கொண்டு, முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே. அண்ணி கதவு வாசலுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில். "உள்ள வாங்க, பரவாயில்லை" என்று அவர் ஒரு தடவை கூப்பிட்டார். "வரக்கூடாதுன்னு நீங்கதானே சார் எழுதினீங்க" என்றாள். கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

கழுவுவதற்கு மட்டும் சொல்லிக் கொடுத்தாள். "மேல்தாடைக்குப் பின்னாடி ஒரு இடுக்கு இருக்கு சார். அங்கதான் தங்கும்." அவருக்கு அப்படி ஒரு இடுக்கு இருப்பதே தெரியாது. முப்பது வருஷமாக அந்த மெஷினில் அரைத்த கல்லை வைத்துப் பேர் வாங்கியவர் மெஷினுக்குள் முதல் தடவையாகத் தலையை விட்டுப் பார்த்தார். வெள்ளைக் கூழாங்கல்லை அரைத்து மாவைக் குப்பையில் கொட்டப் போனார்.

"கொட்டாதீங்க. பாக்கெட்ல போட்டு தேதி எழுதுங்க."

"எதுக்கு?"

"நாளைக்கு யாராவது நீங்க கழுவலைன்னு சொன்னா காட்டறதுக்கு."

அவர் எழுதினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் கோப்பால் வாயை மறைத்துக்கொண்டேன். அண்ணி சிரிக்கவில்லை.

பொறுக்குவதுதான் பெரிய கூத்து. மைக்ராஸ்கோப்போடு ஒரு சின்னத் திரை உண்டு, வாசலிலிருந்தே தெரியும். ஊசி முனையை ஸ்பிரிட்டில் தொட்டு மணியைத் தொட்டால் மணி ஒட்டிக்கொள்ள வேண்டும். அவர் தொட்டால் மணி ஓடியது. ஒன்றை எப்படியோ தூக்கினார், ஒரு பெருமூச்சு விட்டார், மூச்சில் ஐந்தாறு மணி பறந்துபோயிற்று. கருப்பாக இருந்ததையெல்லாம் எடுத்தார். திரும்பி, "இது சரிதானே?" என்று கேட்டார்.

"நான் சொல்ல மாட்டேன் சார். சொன்னா அப்புறம் நான் பொறுக்கினதா ஆயிடும்."

புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, படத்தோடு ஒத்துப் பார்த்து, எடுத்ததில் பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தார். அண்ணி ஒரு காலைப் பொழுதில் செய்கிற வேலை. அவருக்கு இரண்டு நாள் ஆயிற்று. முப்பது மணி. கண் சிவந்து, கழுத்து பிடித்துக்கொண்டு, மெஷின்காரரிடம் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். கொடுத்துவிட்டு அங்கேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அண்ணியும் போனாள். நானும் போனேன். கோப்பு எடுத்துக்கொள்ள மறந்துவிட்டேன்.

ஒவ்வொரு மணியாகத் திரையில் வந்தது. மெஷின்காரர் எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் வாசிப்பவர் மாதிரி வாசித்தார். "ஒம்பது கோடி, சார். முப்பதுல இருபத்தெட்டு ஒண்ணா வந்திருக்கு. ரெண்டு மணி உடைஞ்சு போச்சு, அளக்க முடியலை."

பேராசிரியர் முகத்தில் ஈயாடவில்லை. அண்ணி அவர் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தாள். எனக்கும் அதுதான் எதிர்பார்ப்பு. மனிதன் என்றால் அந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அவர் எழுந்தார், நெற்றியைத் தேய்த்தார், கண் பளிச்சென்றது.

"அப்ப அடியில இன்னொரு கிரானைட் இருக்கு! வெளியே தெரியாத இளசு ஒண்ணு! அதுதான் தாய்!" என்று கத்திக்கொண்டே மாடிக்கு ஓடினார்.

ஓடினவர் ஓடினவர்தான். பன்னிரண்டு வருஷம் சொன்னதை ஒரே ராத்திரியில் மறந்துவிட்டார். மூன்றே வாரத்தில் புதுக் கிரானைட்டைப் பற்றி ஒரு பெரிய கூட்டத்தில் பேச அழைப்பு வந்தது. துறையில் தேநீர் கொடுத்துக் கொண்டாடினார்கள். நிறுவனத்து ஆட்கள் அவர் சொன்ன இடத்தில் துளை போட்டார்கள். முன்னூறு மீட்டர் ஆழத்தில் வெளிறிய, பொடி மணிக் கிரானைட் ஒன்று தட்டுப்பட்டது. துளையிலிருந்து எடுத்த உருளைக் கற்கள் மரப்பெட்டியில் வந்து கல் அறை வாசலில் இறங்கின. அதன் வயதும் ஒன்பது கோடி என்று காட்டிவிட்டால் அவர் சொன்னது நிரூபணம். கூட்டத்துக்கு இருபது நாள்தான் இருந்தது.

அத்தனை கொண்டாட்டத்திலும் அந்தக் கடிதம் என் கோப்பில் அப்படியே இருந்தது. எண் போட்டு, முத்திரை குத்தி, கவனக்குறைவு, துப்புரவுப் பணி. நான் ஒவ்வொரு நாளும் அதைப் புரட்டிப் பார்த்தேன். பிறகு ஒருநாள் என் வேலைக்கே உலை வைக்கிற காரியம் ஒன்று செய்தேன். கடிதத்தைக் கோப்பிலிருந்து உருவினேன், மடித்தேன், படிக்கட்டுக்குக் கீழே பெருக்கிக்கொண்டிருந்த அண்ணியிடம் நீட்டினேன்.

"இந்தாங்க. கிழிச்சுப் போடுங்க. பதிவேட்டுல நான் பாத்துக்கறேன்."

இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவள் என்னோடு நேரே பேசினாள். "கிழிச்சா நான் செஞ்சேன்னு ஆயிடும். கொண்டுபோய் வை, இருந்த எடத்துலயே."

"இது இருக்கற வரைக்கும் உங்க பேருக்கு..."

"இருக்கட்டும். எழுதினவன் பதிலுக்கு எழுதணும். அதே கோப்புல, இதுக்கு மேல."

அதே வாரம் பேராசிரியர் வராந்தாவில் அவளை நிறுத்தினார். தேன் வடிகிற குரல். "என்னம்மா, பெட்டி வந்து ஒரு வாரமாச்சு. சாவியை வாங்கிட்டு ஆரம்பிச்சுடுங்களேன். பசங்ககிட்ட ஒரு துண்டு குடுத்தேன், நாசம் பண்ணிட்டாங்க."

"கடுதாசி அப்படியே இருக்கு சார். உள்ள வரக்கூடாதுன்னு இருக்கு."

"அட, அதுக்கு இனிமே என்ன அர்த்தம்? நான்தான் சொல்றேனே, விடுங்க."

"வாயால சொன்னா போதும்னா அன்னைக்கும் வாயாலயே சொல்லியிருக்கலாமே. ஏன் எழுதினீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த அறிவிப்பைப் படிக்கிற மாதிரி நின்றேன். அன்று மாலை ஒரு கடிதம் வந்தது. "மேற்படி மாதிரியில் கலப்பு ஏற்படவில்லை எனக் கண்டறியப்பட்டுள்ளது. ஊழியர் முன்பிருந்த பணியைத் தொடரலாம்." நான் எண் போடவில்லை. எடுத்துப் போய் அண்ணியிடம் காட்டினேன். அவள் துடைப்பத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு படித்தாள், மறுபடி படித்தாள்.

"கண்டறிஞ்சது யாரு? கலந்துச்சுன்னு சொன்னது யாரு? கடுதாசில ஆளே இல்லையே. காத்தா வந்து எழுதிச்சு?"

திருப்பிக் கொண்டுபோய்ப் பேராசிரியர் மேஜையில் வைத்தேன். இதை நான் செய்தேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமைதான். அண்ணி சொன்னதை அப்படியே சொன்னேன், காற்று உட்பட. அவருக்கு ரத்தம் தலைக்கு ஏறிற்று. ஒரு கல் அரைக்கிறவள் எனக்கு மொழி சொல்லித் தருகிறாளா என்று கத்தினார். கூட்டத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. மரப்பெட்டி அறை வாசலில் இருந்தது. கத்தி முடித்ததும் அவரே நாட்காட்டியைப் பார்த்தார்.

மறுநாள் காலையில் கையாலேயே எழுதிக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். "மெஷின் கழுவப்படவில்லை என்று நான் எழுதியது பொய். என் எதிர்பார்ப்புக்கு மாறாக வந்த முடிவை நான் அழுக்கு என்றேன். ஊழியர் மேல் எந்தத் தவறும் இல்லை, அன்றும் இல்லை, இருபத்திரண்டு வருஷத்திலும் இல்லை." பொய் என்ற சொல்லை அவராகவே போட்டாரா, கோபத்தில் போட்டாரா, எனக்குத் தெரியாது. கையெழுத்து முன்பைவிடச் சின்னதாக இருந்தது. சாவியையும் அதன் மேல் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எண் போட்டு, முத்திரை குத்தி, பழைய கடிதத்துக்கு மேலேயே கோர்த்தேன். கோப்போடும் சாவியோடும் படிக்கட்டில் ஓடினேன். அண்ணி பெஞ்சில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். அவள் மடியில் கோப்பை விரித்து வைத்தேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். அந்த வெறும் விரல் கடைசி வரியில் கொஞ்ச நேரம் நின்றது.

"சரி" என்றாள்.

"அவ்வளவுதானா அண்ணி? அந்த ஆளு என்ன பாடுபட்டு எழுதினாரு தெரியுமா? நான் விடலையே! நான்தான் போய்..."

"நீயும் ஒண்ணு எழுதிக் குடு."

எனக்குப் புரியவில்லை. புரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன் என்பதுதான் சரி.

"அந்த ஆளு என்னை நேத்து பாத்தவன் மாதிரி. எத்தனை வருஷமானாலும் அவனுக்கு நான் மாவு மில்தான். அவன் சொன்னது எனக்குக் கோவம் வந்துச்சு, அவ்வளவுதான். நீ இருபத்திநாலு வருஷமா என் கையால சாப்பிடறே. நான் ஏன் மோதிரம் போடறதில்லைன்னு உங்கம்மாவோட சண்டை போட்டு எனக்காகப் பேசினவ நீ. நீ கேட்டே, ஒருவேளைன்னு." அவள் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு அது நன்றாக வரும். "எழுது."

கோப்பிலேயே ஒரு வெள்ளைத் தாள் இருந்தது. பெஞ்சில் வைத்து எழுதினேன். ஆயிரக்கணக்கான கடிதங்களைப் பார்த்தவள் நான், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. என் அண்ணி மெஷினைக் கழுவியிருக்க மாட்டாளோ என்று நான் சந்தேகப்பட்டேன், அதை அவள் முகத்துக்கு நேரே கேட்டேன், அது தவறு என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். கண் மறைத்ததால் கையெழுத்து கோணலாகப் போயிற்று. நீட்டினேன்.

அவள் வாங்கிப் படித்தாள். திருப்பி என்னிடம் கொடுத்தாள்.

"தேதி போடு."

"இன்னைக்குத் தேதியா?"

"நீ கேட்ட தேதி."

வருகிற ஒவ்வொரு காகிதத்துக்கும் நாளும் மாதமும் பார்த்து முத்திரை குத்துகிறவள் நான். பழைய கடிதத்தில் நான் குத்திய அதே நாள்தான், ஆனால் அண்ணி மடியிலிருந்த கோப்பைப் புரட்டாமல் அந்தத் தேதி எனக்கு நினைவில் வரவில்லை. திங்கட்கிழமை என்று மட்டும் தெரிந்தது. பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அண்ணி டப்பாவில் இருந்ததை இரண்டாகப் பிரித்து என் பக்கம் தள்ளிவிட்டு, நாளையும் மாதத்தையும் சொன்னாள். நான் எழுதினேன்.